உருமாறிய பாறைகளில் உருத்திரிபு வரலாற்றை வாசித்தல்: களத்திலிருந்து நுண்ணோக்கி வரை

புவியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் கூடும்போது, ஏற்கெனவே இருந்த பாறை உருகிவிடாமல் திண்ம நிலையிலேயே தன் கனிமங்களை மாற்றிக்கொண்டு உருமாறிய பாறையாகிறது. அந்த மாற்றம் நடக்கும் காலத்தில் புவித்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டோ, விலகிக்கொண்டோ, உரசி நகர்ந்துகொண்டோ இருப்பதால், அதே பாறை மடிகிறது, இழுபடுகிறது, சில இடங்களில் நொறுங்கவும் செய்கிறது. இந்த வடிவ மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்து இங்கே உருத்திரிபு என்று குறிப்பிடுகிறேன். அதன் அளவைத் திரிபு என்றும், ஓரலகு பரப்பின்மீது செயல்படும் விசையைத் தகைவு என்றும் இயற்பியல் பாடநூல்கள் வழங்குவதை அப்படியே பின்பற்றுகிறேன்.

உருத்திரிபின் வேகத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஆழத்தில் பாறைகள் வினாடிக்கு ஏறத்தாழ 10⁻¹⁴ என்ற வீதத்தில் திரிபடைகின்றன என்று கொண்டால், ஒரு பாறைத்துண்டு தன் நீளத்தைப் போல் இரு மடங்காக நீள்வதற்குச் சுமார் 30 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். மலைத்தொடர் ஒன்று உருவாகும் காலத்தில் இத்தகைய கட்டங்கள் பல வந்துபோகலாம்; ஒவ்வொரு கட்டமும் முந்தையதன் தடயங்களை ஓரளவு அழித்துவிட்டுத் தன் தடயங்களைப் பதிக்கிறது. எனவே பாறையில் இன்று தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் கடைசியாக நிகழ்ந்த வலுவான உருத்திரிபுதான். அதற்கு முந்தைய வரலாறு வேண்டுமென்றால், அழிவிலிருந்து ஏதோ ஒன்றால் காக்கப்பட்ட மூலைகளைத் தேட வேண்டும்: கெட்டியான ஒரு கார்னெட் படிகத்தின் உட்புறம், மடிப்பின் வளைவு உச்சமாகும் வளைமுனை, திரிபு குறைவாகச் சென்றடைந்த ஒரு பாறைவில்லை ஆகியவை அத்தகையவை. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தத் தேடலை ஒழுங்குபடுத்துவதற்கானவை.

படி 1: உருமாற்றத்துக்கு முன் பாறை எப்படி இருந்தது என்பதை நிறுவுதல்

எந்த வடிவம் திரிந்தது என்பது தெரியாமல் எவ்வளவு திரிந்தது என்பதைச் சொல்ல இயலாது. ஆகவே முதல் வேலை, மூலப்பாறையின் எச்சங்களைத் தேடுவது. படிவுப் பாறையிலிருந்து வந்த பாறையாக இருந்தால், நிறமும் பரல் அளவும் மாறி மாறி வரும் பழைய அடுக்குகள் தெரியலாம். களிமண் மிகுந்த அடுக்கில் மைக்காவும், மணல் மிகுந்த அடுக்கில் குவார்ட்ஸும் மேலோங்கியிருக்கும். இந்தப் பழைய அடுக்குத் தளத்தை எஸ்-0 என்று குறிப்பது உலக வழக்கம். எஸ்-0 தளத்தில் பரல்கள் கீழிருந்து மேலாகச் சிறுத்துச் செல்வது, குறுக்கு அடுக்கமைப்பு, பழைய ஓடைப்பள்ளங்களின் வடிவம் போன்றவை எஞ்சியிருந்தால் அவற்றைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். அடுக்கின் எந்தப் பக்கம் முதலில் மேலே இருந்தது என்பதை இவை மட்டுமே சொல்லும்.

நீஸ் போன்ற உயர்தர உருமாற்றப் பாறைகளில் வெளிர்நிறப் பட்டையும் கருநிறப் பட்டையும் மாறி மாறித் தெரிவதைப் பார்த்து அதைப் பழைய அடுக்கு என்று எழுதிவிடும் ஆசை எவருக்கும் எழும். அந்தப் பட்டைகளில் பெரும்பாலானவை உருத்திரிபாலும், கனிமங்கள் இடம்பெயர்ந்து தனித்தனியாகச் சேர்வதாலும், பகுதியளவு உருகுவதாலும் பிற்காலத்தில் உருவானவை. வேறு சான்று கிடைக்காத வரை அவற்றைப் பட்டை என்று மட்டும் பதிவுசெய்வதே நேர்மையானது.

படி 2: தளங்களையும் கோடுகளையும் அளந்து, எது எதை வெட்டுகிறது என்று பார்த்தல்

பாறை ஒரு திசையில் நெருக்கப்படும்போது, மைக்கா போன்ற தகட்டுக் கனிமங்கள் அந்த நெருக்கத்துக்குச் செங்குத்தான தளத்தில் வரிசையாகின்றன. இதற்கு ஒரே காரணம் இல்லை. ஏற்கெனவே இருந்த தகடுகள் சுழன்று திரும்புகின்றன. நெருக்கப்படும் முகங்களில் குவார்ட்ஸும் கால்சைட்டும் கரைந்து வெளியேற, கரையாத மைக்கா அங்கே செறிகிறது. புதிதாக வளரும் தகடுகள் தமக்கு எளிதான திசையிலேயே வளர்கின்றன. இம்மூன்றும் சேர்ந்து பாறைக்குத் தரும் இணைதளப் பண்பைத் தகட்டமைப்பு என்று சொல்லலாம். சிலேட்டில் அது கண்ணுக்குப் புலப்படாத நுண்தகடுகளால் ஆனது. சிஸ்டில் தகடுகள் வெறும் கண்ணுக்கே மின்னும்.

சிலேட்டின் பிளவுத்தளம், அதாவது அது எளிதாகப் பிளக்கும் தகட்டமைப்புத் தளம், இயந்திர நெருக்கத்தால் வந்தது என்பதை 1853-இல் ஹென்றி கிளிஃப்டன் சார்பி எடுத்துக்காட்டினார். பாறையைக் கண்ணாடிபோல் மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை அவர் அதற்குப் பயன்படுத்தினார் என்பது, இந்தத் துறை தொடக்கம் முதலே களத்தையும் நுண்ணோக்கியையும் பிரிக்காமல் வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

களத்தில் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பாறைமுகத்திலும் தகட்டமைப்புத் தளத்தின் கிடைத்திசையையும் (தளத்தின்மேல் வரையக்கூடிய கிடைக்கோட்டின் திசை) சாய்வையும் திசைகாட்டியால் அளக்க வேண்டும். அந்தத் தளத்தின்மேல் நீண்ட கனிமங்களோ இழுபட்ட பரல்களோ ஒரே திசையில் படுத்திருந்தால், அந்தக் கோட்டமைப்பின் திசையையும் அளக்க வேண்டும். கோட்டமைப்பு என்று தெரிவதெல்லாம் ஒரே வகையானது என்று கொள்ளக்கூடாது: இழுபட்டதால் வந்த கோடு பாறை நீண்ட திசையைச் சொல்லும், இரு தளங்கள் ஒன்றையொன்று வெட்டுவதால் வரும் கோடு மடிப்பின் அச்சுக்கு இணையாக இருக்கும், நெளிவுகளின் முகடுகளாக அமையும் கோடு இரண்டாம் உருத்திரிபின் அடையாளம். எந்த வகை என்று எழுதாமல் கோணத்தை மட்டும் எழுதிவைத்த குறிப்பேடு பின்னர் எதற்கும் உதவாது.

அடுத்து வருவது இந்தப் படியின் உயிர்நாடி. ஒரு தகட்டமைப்பு இன்னொன்றால் நெளிக்கப்பட்டிருந்தால், நெளிந்தது முந்தையது, நெளித்தது பிந்தையது. முதல் தகட்டமைப்பை எஸ்-1 என்றும், அதை நெளித்து உருவான பிளவுத்தளத்தை எஸ்-2 என்றும் பெயரிடுவார்கள். எஸ்-2 தொடக்கத்தில் மென்மையான நெளிவாக மட்டுமே இருக்கும். நெருக்கம் கூடக் கூட, நெளிவின் பக்கங்களில் குவார்ட்ஸ் கரைந்துபோய் மைக்கா பட்டைகள் உருவாகும். இறுதியில் எஸ்-1 முற்றிலும் திருப்பப்பட்டு, எஸ்-2 மட்டுமே இருப்பதுபோல் தோன்றும். இந்த வளர்ச்சியின் எல்லா நிலைகளும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த பாறைகளில் கிடைப்பதுண்டு. ஆகவே கண்ணைக் கவரும் வலுவான தகட்டமைப்பில் நேரத்தைச் செலவிடுவதைக் காட்டிலும், அது வலுவிழந்து காணப்படும் இடத்தைத் தேடிச் செல்வது மேலானது. வரிசை அங்கேதான் புலப்படும்.

படி 3: மடிப்புகளை வாசித்தல்

ஒரே உருத்திரிபுக் கட்டத்தில் தோன்றிய மடிப்பும் தகட்டமைப்பும் பெரும்பாலும் உறவுடையவை: தகட்டமைப்பு, மடிப்பை இரு பக்கங்களாகப் பிரிக்கும் அச்சுத்தளத்துக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும். இந்த உறவிலிருந்து, மடிப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் சில முடிவுகளுக்கு வரலாம். பழைய அடுக்கும் பிளவுத்தளமும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க, பிளவுத்தளம் அடுக்கைவிடச் செங்குத்தாக இருந்தால் அந்த அடுக்கு நேர்நிலையில் உள்ளது. அடுக்கு பிளவுத்தளத்தைவிடச் செங்குத்தாக இருந்தால், அது தலைகீழாகக் கவிழ்ந்த பக்கத்தைச் சேர்ந்தது. ஒரே ஒருமுறை மடிந்த பாறைகளுக்கு மட்டுமே இந்த விதி பொருந்தும் என்பதை மறந்துவிட்டால் வரைபடம் முழுவதும் தவறாகிவிடும். படி 1-இல் மேல்பக்கத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதைச் சரிபார்ப்பதற்காகவும்தான்.

சிறு மடிப்புகள் பெரிய மடிப்பின் வடிவத்தைப் பின்பற்றும் என்பது 1894-இல் ரஃபேல் பம்பெல்லியின் பெயரால் அறியப்பட்ட விதி. பெரிய மடிப்பின் இரு பக்கங்களிலும் சிறு மடிப்புகள் எதிரெதிர்த் திசைகளில் ஒருபக்கமாகச் சாய்ந்தும், வளைமுனையில் சமச்சீராகவும் இருக்கும். ஆகவே ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே நடந்து செல்லும்போது சிறு மடிப்புகளின் சாய்வு எங்கே புரள்கிறது என்று பார்த்தால், பல கிலோமீட்டர் அகலமுள்ள மடிப்பின் வளைமுனையைக் கடந்துவிட்டோம் என்பது தெரிந்துவிடும்.

மடிந்ததே மீண்டும் மடிந்தால் பாறைமுகத்தில் விசித்திரமான வடிவங்கள் தோன்றும். இவற்றை ஜான் ராம்ஸி 1960-களில் வகைப்படுத்தினார். இரு மடிப்புத் தலைமுறைகளும் நிமிர்ந்தும் ஒன்றுக்கொன்று குறுக்காகவும் இருந்தால், மேடும் கிண்ணமுமாக மாறி மாறி வரும். முதல் மடிப்பு படுத்திருந்து, அதன் அச்சு இரண்டாவதன் அச்சுக்குக் குறுக்காக இருந்தால் பிறைகளும் காளான் வடிவங்களும் வரும். இரு அச்சுகளும் ஒரே திசையில் இருந்தால் கொக்கி வடிவங்கள் வரும். இந்த வடிவங்கள் கிடைத்தால் இரண்டு மடிப்புத் தலைமுறைகள் உண்டு என்பது உறுதியாகிவிடுகிறது. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே கழிந்தது பத்து லட்சம் ஆண்டுகளா, நூறு கோடி ஆண்டுகளா என்பதை வடிவம் சொல்லாது.

இந்த இடைவெளியை அறிய உதவுபவை, இடையில் ஊடுருவிய தீப்பாறைச் சுவர்கள், அதாவது விரிசல்களில் புகுந்து இறுகிய பாறைக்குழம்பு. ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிசியன் நீஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஸ்கூரி சுவர்கள், அங்கே சில இடங்களில் நீஸின் பட்டைகளைக் கூர்மையாக வெட்டிச் செல்கின்றன. வேறு இடங்களில் அதே சுவர்கள் தாமே மடிந்து, தகட்டமைப்புப் பெற்று, சுற்றியுள்ள பாறைக்கு இணையாகத் திரும்பிக் கிடக்கின்றன. சுவர்களுக்கு முந்தைய நிகழ்வுகளையும் பிந்தைய நிகழ்வுகளையும் இதைக் கொண்டே 1951-இல் சட்டனும் வாட்சனும் பிரித்தறிந்தார்கள். சுவர் வெட்டிச் செல்லும் இடமும் சுவரே திரிந்த இடமும் இரண்டுமே பார்க்கக் கிடைத்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

படி 4: திரிபின் அளவைக் கணித்தல்

தொடக்க வடிவம் நமக்குத் தெரிந்த பொருள்கள் பாறையில் இருந்தால் திரிபை எண்ணாகவே சொல்லலாம். சிலேட்டுகளில் காணப்படும் பச்சைநிறப் புள்ளிகள் முதலில் ஏறத்தாழக் கோளமாக இருந்தவை. சுண்ணாம்புப் பாறைகளில் உள்ள ஊய்டு எனப்படும் சிறு உருண்டைகளும் அப்படியே. இவை நீள்கோளமாக மாறியிருந்தால், அதன் மூன்று அச்சுகளின் விகிதமே திரிபின் வடிவம். எடுத்துக்காட்டாக, 1 என்ற ஆரமுள்ள கோளம் 2, 1, 0.5 என்ற அரை அச்சுகளுடைய நீள்கோளமாக மாறியிருந்தால், கன அளவு மாறாமல் ஒரு திசையில் பாறை இரட்டிப்பாக நீண்டு, செங்குத்துத் திசையில் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் மேரிலாந்தில் சவுத் மவுண்டன் மடிப்பு முழுவதிலும் ஊய்டுகளை அளந்து, திரிபு இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதை எர்ன்ஸ்ட் குளூஸ் 1947-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அளவீட்டின் வலிமையை எல்லோருக்கும் உணர்த்தியது.

உருளைக்கற்களைப் பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அவை முதலிலேயே கோளமாக இருந்திருக்க மாட்டா. எனவே பல கற்களின் வடிவத்தையும் திசையையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். கல் சுற்றியுள்ள சேற்றைவிடக் கடினமாக இருந்தால், கல் காட்டும் திரிபு பாறை முழுவதும் அடைந்த திரிபைவிடக் குறைவாகவே இருக்கும்.

கோளம் எதுவும் கிடைக்காத இடத்தில், தகட்டமைப்பு வளையும் கோணமே அளவுகோலாகலாம். இரு பக்கப் பாறைகளும் எதிரெதிராக நகர, நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும் சீட்டுக்கட்டு சரிவதுபோல் சறுக்குப்பெயர்ச்சி அடைகிறது என்று கொள்வோம். முன்பு தகட்டமைப்பு இல்லாதிருந்த பாறையில், பட்டையின் ஓரத்தில் புதிய தகட்டமைப்பு பட்டைக்கு 45 டிகிரிக்கு அருகில் தொடங்கும். சறுக்குப்பெயர்ச்சித் திரிபு (நகர்வைப் பட்டையின் அகலத்தால் வகுத்த எண்) 2 ஆகும்போது அந்தக் கோணம் 22.5 டிகிரியாகும், திரிபு 10 ஆகும்போது 6 டிகிரிக்கும் குறைந்துவிடும். பட்டையின் குறுக்கே பல இடங்களில் கோணத்தை அளந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய திரிபைக் கூட்டினால் மொத்த நகர்வு கிடைக்கும்: 1 மீட்டர் அகலப் பட்டை முழுவதும் சராசரித் திரிபு 10 என்றால், இரு பக்கப் பாறைகளும் 10 மீட்டர் நகர்ந்திருக்கின்றன. கோணம் மிகச் சிறிதானபின் இந்த முறை துல்லியத்தை இழக்கிறது. 3 டிகிரிக்கும் 2 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டைக் களத்தில் அளப்பது கடினம், ஆனால் அவை காட்டும் திரிபுகளோ வெகுவாக வேறுபடுகின்றன.

படி 5: எந்தப் பக்கமாக நகர்ந்தது என்பதைக் கண்டறிதல்

வலுவான சறுக்குப்பெயர்ச்சி மண்டலங்களில் பாறை மைலோனைட் எனப்படும் நுண்பரல் பாறையாக மாறுகிறது. 1885-இல் ஸ்காட்லாந்தின் எரிபோல் பகுதியில் இதைக் கண்டு பெயரிட்ட சார்லஸ் லாப்வொர்த், பாறை அரைபட்டு நொறுங்கியதால் இது வந்தது என்று கருதினார். படிகங்கள் நொறுங்காமல், உள்ளமைப்பில் மெதுவாக வழுக்கி, புதிய சிறு பரல்களாக மறுபடிகமாவதே முக்கியக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

நகர்வின் திசையை அறிய மாதிரியை எடுக்கும் முறையிலேயே கவனம் தொடங்க வேண்டும். பாறையிலிருந்து உடைத்தெடுக்கும் முன்பே, அதன் ஒரு முகத்தின்மீது கிடைத்திசைக் கோட்டையும் சாய்வையும் அழியாத மையால் குறித்து, எது மேல்பக்கம் என்பதையும் எழுத வேண்டும். பின்னர் ஆய்வகத்தில், தகட்டமைப்புக்குச் செங்குத்தாகவும் இழுவைக் கோட்டமைப்புக்கு இணையாகவும் வெட்ட வேண்டும். வேறு எந்தத் திசையில் வெட்டினாலும் சமச்சீரற்ற வடிவங்கள் சமச்சீராகத் தெரியக்கூடும். திசைக்குறி இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

வெட்டிய முகத்தில் தேட வேண்டியவை சில. மண்டலத்தின் ஓரத்துக்கு இணையான நழுவுதளங்களுக்கு இடையே தகட்டமைப்பு சாய்வாக வளைந்து நிற்கும். அதன் மேல்முனை எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே மேற்பாறை நகர்ந்திருக்கிறது. கடினமான ஃபெல்ட்ஸ்பார் துண்டுகளின் இரு முனைகளிலிருந்தும் நுண்பரல் வால்கள் நீளும். ஒரு வால் உயர்மட்டத்திலும் மறுவால் தாழ்மட்டத்திலும் இருப்பது நகர்வின் திசையைக் காட்டும். மீன் வடிவில் சாய்ந்து கிடக்கும் மைக்காத் தகடுகளும் அதையே சொல்லும். ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது. வெவ்வேறு வகை அடையாளங்களைக் கணிசமான எண்ணிக்கையில் பார்த்து, பெரும்பான்மை ஒரே திசையைக் காட்டினால் மட்டுமே எழுதலாம். பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் காட்டினால், பாறை நழுவாமல் தட்டையாக நசுங்கியிருக்கலாம், அல்லது நகர்வு ஒருமுறை திசைமாறியிருக்கலாம். அதுவும் ஒரு செய்தியே.

படி 6: பெரும்படிகங்களின் உட்புறத்தை வாசித்தல்

என் கணிப்பில் இந்தப் படியே வழிகாட்டியின் மையம், ஏனெனில் இங்கேதான் உருத்திரிபும் வெப்ப அழுத்த வரலாறும் ஒரே பொருளில் சந்திக்கின்றன. கார்னெட், ஸ்டாரோலைட், ஆண்டலுசைட் போன்ற கனிமங்கள் சுற்றியுள்ள பரல்களைவிடப் பெரிதாக வளரும்போது, வழியில் இருந்த குவார்ட்ஸ், கிராஃபைட், இல்மனைட் துகள்களை அப்படியே விழுங்கிவிடுகின்றன. அந்த உட்பொதிவுகள், படிகம் வளர்ந்த காலத்தில் தகட்டமைப்பு எப்படி இருந்ததோ அதே வரிசையில் உள்ளே அடைபட்டுப் போகின்றன. அதன்பின் வெளியே தகட்டமைப்பு எத்தனை முறை நெளிந்து அழிந்தாலும், கெட்டியான படிகத்தின் உள்ளே பழைய வரிசை மாறாமல் இருக்கும்.

பாறையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு பெரும்படிகத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: உள்ளே உள்ள வரிசைக்கும் வெளியே உள்ள தகட்டமைப்புக்கும் என்ன உறவு? உள்வரிசை நேராக இருந்து, வெளித் தகட்டமைப்பு படிகத்தைச் சுற்றி வளைந்து செல்ல, இரண்டும் தொடர்பின்றி வேறு திசைகளில் இருந்தால், முதல் உருத்திரிபுக்குப் பின்னும் இரண்டாவது முடிவதற்கு முன்னும் படிகம் வளர்ந்திருக்கிறது. உள்வரிசை தடையின்றி வெளியே தொடர்ந்து, தகட்டமைப்பு படிகத்தைச் சுற்றி வளையாமல் இருந்தால், அந்த உருத்திரிபு ஓய்ந்தபின் படிகம் வளர்ந்திருக்கிறது. உள்ளே நெளிவுகள் தெரிந்து, வெளியே அதே நெளிவுகள் இன்னும் இறுக்கமாக இருந்தால், நெளிவு நடந்துகொண்டிருந்தபோதே படிகம் வளர்ந்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் பிரெனீஸ் மலைப் பாறைகளைக் கொண்டு ஸ்வார்ட் இந்த உறவுகளை முறைப்படுத்தினார். அந்த அடிப்படை இன்றும் பயன்படுகிறது.

உட்பொதிவுகள் சுருளாகத் தெரியும் கார்னெட்டுகள் தனிக் கவனத்துக்குரியவை. வழக்கமான விளக்கத்தின்படி, எதிரெதிராக நகரும் உள்ளங்கைகளுக்கு இடையே விளக்குத்திரி உருள்வதைப் போல, நழுவும் பாறைக்கு இடையில் கார்னெட் உருண்டுகொண்டே வளர்ந்ததால் சுருள் ஏற்பட்டது. பிசுபிசுப்பான ஊடகத்தில் தடையின்றி உருளும் கோளத்துக்குச் சுழற்சிக் கோணம் சறுக்குப்பெயர்ச்சித் திரிபில் பாதி என்பதால், ஒரு முழுச் சுற்றுக்குத் திரிபு 12-க்கும் மேல் தேவைப்படும். 1980-களில் டிம் பெல் இதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார்: படிகம் சுழலவில்லை, சுற்றியுள்ள தகட்டமைப்பே செங்குத்தாகவும் கிடையாகவும் மாறி மாறி உருவாக, படிகம் அவற்றை அடுத்தடுத்து விழுங்கியதால் சுருள்போன்ற தோற்றம் வந்தது என்பது அவர் வாதம். இந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. நடைமுறையில், சுருளைக் கண்டவுடன் சுழற்சி என்று எழுதாமல், உள்ளே வரிசை முறிந்து திடீரெனத் திசைமாறும் இடங்கள் உண்டா, ஒரே பாறையிலுள்ள பல கார்னெட்டுகளின் மையவரிசைகள் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. மையவரிசைகள் எல்லாப் படிகங்களிலும் ஒத்திருந்தால், அவை சுழலாமல் இருந்திருக்கும் வாய்ப்பு வலுப்பெறும்.

சீவல் கார்னெட்டின் நடுவைக் கடந்து செல்லாவிட்டால் உள்வரிசையின் தோற்றமே மாறிவிடும். நான்கைந்து படிகங்களைப் பார்த்து, அவற்றில் பெரியதாகத் தெரிவதையே நம்புவது பாதுகாப்பான பழக்கம்.

கார்னெட்டைவிடச் சிறிய அளவில் இதே வேலையைச் செய்வது பைரைட். அதன் இரு பக்கங்களிலும் திறக்கும் இடைவெளியில் குவார்ட்ஸ் இழைகள் வளரும். பாறை நீண்ட திசை காலப்போக்கில் மாறினால் இழையும் வளைந்து வளரும். குறைந்த வெப்பநிலைச் சிலேட்டுகளில் கார்னெட் கிடைக்காதபோது இந்த வளைந்த இழைகள் அரிய உதவி.

படி 7: குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் காட்டும் வெப்பநிலை

இயற்கையான வேகத்தில் குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் நொறுங்காமல் பாயத் தொடங்குகிறது. ஃபெல்ட்ஸ்பாருக்கு அது 450 முதல் 500 டிகிரி. எனவே குவார்ட்ஸ் நாடாக்களாக இழுபட்டிருக்க ஃபெல்ட்ஸ்பார் விரிசல் விட்டு உடைந்திருந்தால், உருத்திரிபு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நடந்திருக்கிறது. குவார்ட்ஸ் பரல்களின் ஓரம் சிறு புடைப்புகளாகத் தெரிந்தால் அந்த எல்லையின் கீழ்ப்பகுதி. பரல்கள் பெரிதாகி, ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிக் கிடந்தால் 500 டிகிரிக்கு மேல். நீரின் அளவும் திரிபு வேகமும் இந்த எண்களை நகர்த்தும் என்பதால், இவற்றைக் கனிமச் சான்றுகளுக்குத் துணையாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். பரல்களின் ஓரங்கள் நேராகி, மூன்று பரல்கள் 120 டிகிரிக் கோணங்களில் சந்தித்தால், உருத்திரிபு நின்றபின் வெப்பம் நீடித்து அதன் தடயங்களைத் துடைத்துவிட்டது என்று பொருள். சலவைக்கல்லில் இது மிகச் சாதாரணம்.

படி 8: ஆழமும் காலமும்

எந்தத் தகட்டமைப்பின்போது எந்தக் கனிமம் வளர்ந்தது என்பது படி 6-இல் தெரிந்துவிட்டதால், அந்தக் கனிமங்கள் சொல்லும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் இப்போது அந்தந்தக் கட்டத்தோடு இணைக்கலாம். 1893-இல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஜார்ஜ் பாரோ தொடங்கிவைத்த மண்டலப் பகுப்பு, பின்னர் விரிவாக்கப்பட்ட வடிவில், குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்ற வரிசையில் வெப்பநிலை கூடுவதைக் காட்டுகிறது. ஒரே வேதியியல் சேர்மானமுள்ள ஆண்டலுசைட், கயனைட், சில்லிமனைட் மூன்றும் சந்திக்கும் புள்ளி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார். அதாவது சுமார் 14 முதல் 15 கிலோமீட்டர் ஆழம். எஸ்-1 தளத்தில் வரிசையான கயனைட்டும், எஸ்-2 தளத்தில் வரிசையான சில்லிமனைட்டும் ஒரே சீவலில் இருந்தால், இரு உருத்திரிபுகளுக்கு இடையே பாறை சூடேறியோ மேலெழுந்தோ இருக்கிறது என்பது கணக்கீடு இல்லாமலே தெரியும்.

கார்னெட்டின் உட்பொதிவுகள் இன்னும் ஆழமான செய்தியையும் காக்கக்கூடும். 1984-இல் மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைரா பகுதியில், கார்னெட்டுக்குள் கோயசைட் எனப்படும் உயரழுத்த சிலிக்கா கண்டறியப்பட்டது. கண்டப் பாறை சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் வரை சென்று திரும்பியதற்கு அது சான்று. கார்னெட்டின் உறைக்கு வெளியே இருந்த கோயசைட் குவார்ட்ஸாக மாறி மறைந்துவிட்டது. உள்ளே இருந்ததும் ஓரளவு குவார்ட்ஸாக விரிந்தபோது, அதைச் சுற்றிக் கார்னெட்டில் ஆரைபோல் விரிசல்கள் பிறந்தன.

காலத்துக்கு வந்தால், எந்த வயது எதன் வயது என்பதே கேள்வி. சிர்க்கான் என்ற கனிமத்தின் யுரேனியம்-ஈய வயது பெரும்பாலும் படிகம் வளர்ந்த காலத்தைச் சொல்லும். மைக்காவின் ஆர்கான் வயது, உயர்வெப்பப் பாறைகளில், அது குளிர்ந்து ஆர்கானைத் தக்கவைக்கத் தொடங்கிய காலத்தைச் சொல்லும். மஸ்கோவைட்டுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 400 டிகிரி, பயோடைட்டுக்கு 300 டிகிரி. உருத்திரிபின் வயது நேரடியாக வேண்டுமென்றால், தகட்டமைப்போடு உறவு தெரிந்த கனிமத்தைச் சீவலிலேயே வைத்து அளக்க வேண்டும். மோனசைட் என்ற கனிமம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது: கார்னெட்டுக்குள் அடைபட்ட மோனசைட்டும் வெளித் தகட்டமைப்பில் வரிசையான மோனசைட்டும் தரும் வயதுகளுக்கு இடையே கார்னெட் வளர்ந்திருக்க வேண்டும்.

படி 9: வரிசையை ஒன்றிணைத்தல்

இப்போது ஒரு தாளில் மேலிருந்து கீழாக உருத்திரிபுக் கட்டங்களை டி-1, டி-2, டி-3 என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தகட்டமைப்பு, மடிப்பு, கோட்டமைப்பு, நகர்வுத் திசை, வளர்ந்த கனிமங்கள், வெப்பநிலை, வயது ஆகியவற்றை நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத இடங்களை வெறுமையாகவே விட வேண்டும்; பக்கத்துப் பாறையிலிருந்து கடன் வாங்கி நிரப்பும் பழக்கமே இந்தத் துறையில் தவறான வரலாறுகளை அதிகம் உருவாக்கியிருக்கிறது. ஒரு பாறைமுகத்தின் எஸ்-2 அடுத்த பள்ளத்தாக்கின் எஸ்-2-வோடு ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எண்கள் வரிசையைச் சொல்பவை. வயதைச் சொல்பவை அல்ல. இரு இடங்களையும் ஒரே தகட்டமைப்பைத் தொடர்ந்து நடந்து இணைக்க முடிந்தாலோ, இரண்டிலும் அதே கனிமம் அதே உறவில் அதே வயதில் கிடைத்தாலோ மட்டும் அவற்றை ஒன்றாக்கலாம்.

ஒரு கட்டம் எங்கும் தெரியவில்லை என்பதற்காக அது நிகழவில்லை என்று எழுதவும் கூடாது. திரிபு ஒரே சீராகப் பரவுவதில்லை. மென்மையான சிஸ்டில் முழு வேகத்தில் நடந்தது, அருகிலுள்ள கிரானைட் வில்லையில் சிறிதும் பதியாமல் போகலாம். இதற்கு நேர்மாறாக, தொடர்ச்சியான ஒரே உருத்திரிபே சிறு சிறு மடிப்புகளைத் தோற்றுவித்து மீண்டும் மடிப்பதும் உண்டு, குறிப்பாகச் சறுக்குப்பெயர்ச்சி மண்டலங்களில். அங்கே இரண்டு மடிப்புகளைக் கண்டவுடன் இரண்டு மலையாக்கக் காலங்களைக் கற்பிக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு கனிமம் வளர்ந்திருக்கிறதா, ஒரு தீப்பாறைச் சுவர் ஊடுருவியிருக்கிறதா, வெப்பநிலை மாறியிருக்கிறதா என்று தேடி, எதுவும் கிடைக்காவிட்டால் அவற்றை டி-2-இன் முற்பகுதி, பிற்பகுதி என்று ஒரே கட்டத்துக்குள் எழுதுவதே சான்றுக்குப் பொருத்தமானது. அட்டவணையில் முரண்பாடு எழுந்தால், ஆய்வகத்தில் புதிய அளவீடு செய்வதற்கு முன், எஸ்-1-உம் எஸ்-2-உம் ஒருசேரத் தெரிந்த அந்த வலுக்குறைந்த பாறைமுகத்துக்குத் திரும்பிச் சென்று, எது எதை வெட்டுகிறது என்பதை மறுபடி பார்க்க வேண்டும்.